துணிக்குழாயில் தங்கிய உன் தூள்

மிளகாய்க் காம்பு கிள்ளும்போதும் வாய் ஓயாமல் பேசுகிற என் வசந்தா அண்ணிக்கு,

முதலில் ஒன்றை ஒப்புக்கொண்டுவிடுகிறேன். நீ போன அன்று நான் அழுத அழுகையைத் தெருவே மெச்சியது. "நாத்தனான்னா இப்படில்ல இருக்கணும், கூடப் பொறந்தவகூட இப்படி அழமாட்டா" என்று ஆளாளுக்கு என் முதுகைத் தடவிக்கொடுத்தார்கள். அது அழுகையே இல்லை, அண்ணி. சேதி வந்த நேரம் நான் மிளகாய் கிள்ளிக்கொண்டிருந்தேன். கையைக் கழுவாமல் ஓடிவந்து கண்ணைத் துடைத்துவிட்டேன். துடைக்கத் துடைக்க எரிந்தது, எரிய எரியத் துடைத்தேன். உனக்காக அழுதது மூன்று நாள் கழித்து, கோழிக்குத் தவிடு வைக்கிற மூலையில். அதை மெச்ச ஆளில்லை.

இருந்தவரைக்கும் உன்னை 'நீங்க' என்றுதான் கூப்பிட்டேன். இப்போது 'நீ' என்கிறேன். அண்ணன் பெண்டாட்டிக்கு இவ்வளவு மரியாதை போதும். கோபமிருந்தால் வந்து அதட்டு, பார்ப்போம்.

முதல் வருஷ நினைவு நாளுக்கு உன் படத்தைப் போட்டுச் சுவரில் ஒட்ட நாலு வரி எழுதித் தரச் சொன்னார் அண்ணன். ஐந்தாம் வகுப்போடு நின்றவளுக்கு நாலு வரி போதும் என்று நினைத்துவிட்டார் போல. எனக்கு அது எந்த மூலைக்கு? உனக்குச் சொல்லவேண்டிய சேதியே அண்டா நிறைய இருக்கிறது. கூட நின்று படிக்கிறவர்களும் படிக்கட்டும். நடந்தது நாலு பேருக்குத் தெரியவேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

தெரியாதவர்களுக்காகத் தூளிலிருந்து தொடங்குகிறேன்.

குவைத்தில் ஒரே வீட்டில் பதினோரு வருஷம் வேலை பார்த்தாய். அந்தச் சமையல்கட்டில் உன்னோடு நின்றவள் அல்மாஸ், எத்தியோப்பியாக்காரி. அவளுக்குத் தமிழ் தெரியாது, உனக்கு அவள் பேச்சு தெரியாது. இரண்டு பேருக்கும் சேர்த்து அரைகுறை அரபி. அவள் ஊரிலிருந்து அவள் அம்மா அனுப்பிய சிவப்புத் தூளைக் கரண்டி நுனியில் எடுத்து உன் உள்ளங்கையில் வைத்தாளாம். "பெர்பெரே" என்றாளாம். நக்கிப் பார்த்துவிட்டு, "நம்ம ஊரு மொளகா எப்படி இவ்வளவு தூரம் போயி இவ்வளவு அழகாச்சு?" என்று நினைத்ததாகச் சொல்வாய். எப்படிச் செய்வது என்று கேட்டாய். அவள் ஒரு வார்த்தை மறைக்காமல் சொல்லிக்கொடுத்தாள்.

நீ திரும்பி வந்தபோது எல்லாரும் பெட்டிக்குள் தங்கம் தேடினார்கள். உள்ளே இருந்தது அந்தத் தூளும், அதைச் செய்கிற கையும்தான்.

வர மிளகாயை உடைத்து, இஞ்சி, பூண்டு, சின்ன வெங்காயம், கொஞ்சம் துளசி எல்லாம் சேர்த்து ஈரமாக இடிப்பாய். அதை மொட்டை மாடியில் பழைய வேட்டி விரித்து நாள்கணக்கில் காயவைப்பாய். வெந்தயம், ஓமம், கருஞ்சீரகம், மல்லி, கிராம்பு, பட்டை, பெரிய ஏலம் இதெல்லாம் தனித்தனியாக வறுபடும். கூடவே கைப்பிள்ளைக்கு மாந்தம் என்றால் நாம் தேடுகிற சதாப்பு இலை. "புள்ளைக்கு ஒரசற எலைய மொளகாயில போடுறாளே, இவளுக்கு வெயிலு தலைக்கு ஏறிடுச்சா?" என்று நான் கத்தினேன். "அல்மாஸ் போடுவா, நானும் போடுவேன்" என்றாய். எதற்கெடுத்தாலும் அல்மாஸ். யாரும் கேட்காமலே, "இது அல்மாஸ் குடுத்தது" என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவாய். கேட்டுக் கேட்டு எங்களுக்குச் சலித்தே போய்விட்டது.

நீ சமைத்த முதல் நாள் ஞாபகம் இருக்கிறதா? ஒரு சொட்டு எண்ணெய் விடாமல் வெங்காயத்தை மட்டும் அரை மணி நேரம் வதக்கினாய். அண்ணன் எட்டிப் பார்த்து, "எண்ணெ டின்ன எங்க வச்சன்னு மறந்துட்டியா?" என்றார். வெங்காயம் கறுத்துச் சுருண்ட பிறகு தூள், அதன்மேல் வெண்ணெய், அதன்மேல் கோழி, கடைசியில் அவித்த முட்டை. புளித்த கேழ்வரகுத் தோசையைப் பெரிய தட்டில் விரித்து நடுவில் ஊற்றினாய். நாகூர்ப் பக்கத்துக் கல்யாண வீடுகளில் ஒரே தாம்பாளத்தைச் சுற்றி உட்கார்வார்களே, அப்படி உட்காரவைத்தாய். உருட்டின முதல் கவளம் என் வாய்க்கு வந்தது. பிரியமானவர்களுக்கு ஊட்டுவது அவர்கள் வழக்கமாம். கவளம் பெரிதாக இருந்தால் பிரியமும் பெரிதாம். எனக்கு மூச்சு முட்டுகிற அளவுக்குப் பிரியம் வைத்திருந்தாய்.

சரி, சுந்தரத்துக்கு வருகிறேன்.

நம் கடைத்தெருவில் இருப்பது ஒரே மாவு மில், அது சுந்தரத்தினுடையது. உன் தூளை அங்கேதான் அரைப்போம். ஒரு டின் கொண்டுபோனால் முக்கால் டின்தான் வீட்டுக்கு வரும். "மிசினு சூட்டுல காத்தாப் போயிடும் தங்கச்சி" என்பார். நாமும் தலையை ஆட்டிக்கொண்டு வந்தோம். காற்றாய்ப் போவதென்றால் அவர் மட்டும் ஏன் வருஷா வருஷம் பெருத்துக்கொண்டே போகிறார் என்று நான் யோசித்திருக்க வேண்டும்.

ஒரு நாள் மில்லில் வரிசையில் நிற்கிறோம். அலமாரியில் பளபளவென்று பாக்கெட்டுகள். 'சுந்தரம் ஸ்பெஷல் அரபு மசாலா' என்று போட்டு அவர் போட்டோவும் போட்டிருந்தது. நீ ஒன்றை எடுத்து மூக்கில் வைத்தாய். முகம் மாறியது. சதாப்பு வாசனை. இந்தத் தாலுகாவில் மசாலாவில் சதாப்பு போடுகிறவள் நீ ஒருத்திதானே?

"அண்ணே, இது எங்க வூட்டுத் தூளு மாதிரி இருக்குதே" என்றாய். சண்டைக் குரலில்கூட இல்லை. கேட்கிற குரலில்தான் கேட்டாய்.

அவர் மிசின் பெல்ட்டை மாட்டிக்கொண்டே எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். "குவைத்துல ஊரான் வூட்டுப் பாத்திரம் கழுவுன கைக்குத் தனி மசாலா வேறயா? கழுவுற வேலைய மட்டும் பாரு தாயி!"

வரிசை முழுக்கச் சிரித்தது.

அண்ணி, நானும் சிரித்தேன். கூட்டம் சிரித்தால் என் வாயும் திறந்துகொள்ளும், அது என் பிறவிக் கோளாறு. திறந்த பிறகுதான் எதற்குத் திறந்தது என்று தெரிந்தது. நீ என்னைத் திரும்பிப் பார்த்தாய், ஒரு நொடி. வீட்டை நோக்கி முன்னால் நடந்தாய். வாய்க்கால் பாலத்தில் மட்டும், "டின்னு சாயுது, நிமித்திப் புடி" என்றாய். அவ்வளவுதான். திட்டியிருக்கலாம். ஏன் திட்டவில்லை?

அப்புறம் நீ மில்லுக்குப் போகவில்லை. "போயிட்டுப் போறான், வுடு மல்லிகா" என்றாய். இரண்டு மாதத்தில் காய்ச்சல் என்று படுத்தாய், மூன்றாம் நாள் இல்லை. நீ விட்டுவிட்டாய். நான் விடுவதாக இல்லை.

உன் காரியமெல்லாம் முடிந்து வெறும் மிளகாய் அரைக்கப் போனேன். அரைத்து வாங்கிக்கொண்டு பாதித் தெரு வந்த பிறகுதான் டின் மூடியை அங்கேயே வைத்துவிட்டது நினைவுக்கு வந்தது. திரும்பிப் போனால், மோட்டார் நின்றிருக்கிறது, சுந்தரம் முதுகைக் காட்டி நிற்கிறார். மிசினிலிருந்து தூள் இறங்குகிற துணிக்குழாயை ஒரு குச்சியால் தட்டுகிறார். பொத்துப் பொத்தென்று என் மிளகாய்த்தூள் அவர் சட்டியில் விழுகிறது. மோட்டாரை முன்னாலேயே நிறுத்திவிடுவது, நம்மிடம் டின்னைத் தள்ளிவிடுவது, தெருமுனை தாண்டியதும் குழாயைத் தட்டி எடுத்துக்கொள்வது. உன் கால் டின் போன இடம் அதுதான். அதில் நாலு பங்கு வெறும் மிளகாய்த்தூளைக் கலந்தால் அரபு மசாலா.

மூடியை எடுக்காமலே திரும்பினேன். வருகிற வழியெல்லாம் எனக்குச் சிரிப்பு. இது வேறு சிரிப்பு.

சுந்தரத்தின் பேரனுக்குக் காதுகுத்து வந்தது. தென்னந்தோப்பில் பந்தல், கிடா விருந்து. "நம்ம மசாலாவுலதான் கறிக்கொழம்பு, கலப்பில்லாத முதல் தரமாத் தனியா எடுத்து வைக்கப்போறேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். கலப்பில்லாததா? அது எங்கிருந்து வரும் என்று எனக்குத்தான் தெரியுமே.

பூந்திக்கொட்டை வாங்கி வந்தேன். தலைக்குத் தேய்க்க, பட்டுப்புடவை அலச, வெள்ளிக் கொலுசு விளக்க வாங்குவோமே, அதேதான். விதையை எடுத்துவிட்டு ஓட்டை மொறுமொறுவென்று காயவைத்து வறுத்தேன். மிளகாயை அதற்குச் சமமாகச் சேர்த்தேன். ஓமம் ஒரு கை, வெந்தயம் ஒரு கை, சதாப்பு ஒரு கை. பெரிய டின் நிறைய. சாப்பிடுகிறவர்களுக்கு ஏதாவது ஆகிவிடுமோ என்று உனக்குப் பதைக்கும், தெரியும். அது அண்டாவைத் தாண்டி இலைக்கு வரவே வராது. வீட்டில் ஒரு சட்டித் தண்ணீரில் போட்டுக் கொதிக்கவிட்டுப் பார்த்துவிட்டுத்தான் போனேன்.

"என்ன மல்லிகா, அண்ணி போனாலும் மசாலா நிக்கலையா?" என்றார் சுந்தரம்.

"சொல்லிக் குடுத்துட்டுத்தானே போயிருக்காங்க. இந்தத் தடவ புதுசா ஒரு கொட்டை வேற சேத்துருக்கேன்."

அவர் கண் விரிந்தது. "என்ன கொட்டை?"

"அதெல்லாம் ரகசியங்க. போட்டாப் பொங்கிடும்."

முப்பது வருஷம் மிளகாய் நெடியில் நின்ற மனிதர். அவருக்கு மூக்கு இருக்கிறது, வாசனை தெரியாது. டின்னைக் கொட்டினார், அரைத்தார், வழக்கத்தைவிடச் சீக்கிரமாக மோட்டாரை நிறுத்தினார். அன்று என் டின் பாதிதான் நிறைந்தது. "இந்தக் கொட்டை ரொம்பக் காத்தாப் போவுது போல" என்றார். "ஆமாங்க, பறந்துடும்" என்று சொல்லிவிட்டு வந்தேன்.

காதுகுத்துக்கு உன் ஊதாப் புடவையைக் கட்டிக்கொண்டு போனேன். அதையும் கேட்காமல்தான் எடுத்தேன். அடுப்புக்குப் பக்கத்திலேயே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். சுந்தரம் தன் கையாலேயே தூளைக் கொண்டுவந்து சமையல் மாஸ்டரிடம் கொடுத்தார். மாஸ்டர் அண்டாவில் கொட்டிக் கிண்டினார்.

முதலில் ஓரத்தில் சின்னதாக ஒரு வெள்ளைக் கோடு. மாஸ்டர் கொழுப்பு என்று நினைத்துக் கரண்டியால் ஒதுக்கினார். கிண்டக் கிண்ட அது ஏறியது. அள்ளி வெளியே ஊற்றினார், மறுபடி வந்தது. அப்புறம் நம் ஊர் ஆறு புதுத்தண்ணீர் திறந்த அன்று வருமே, அந்த மாதிரி அண்டா விளிம்பைத் தாண்டி இளஞ்சிவப்பு நுரை இறங்கி வந்தது, அண்ணி! அடுப்பு புஸ்ஸென்று அவிந்தது. ஒரு சின்னப் பெண் கையில் அள்ளி ஊதினாள், குமிழி பறந்தது.

"அண்ணே, யாரு சோப்புத் தூள் குடுத்தது?" என்று மாஸ்டர் கத்தினார். கரண்டி நுனியை நாக்கில் வைத்துவிட்டு மூன்று தரம் துப்பினார்.

சனம் முழுக்க அடுப்படிக்கு வந்துவிட்டது. சுந்தரம் நுரையைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். முகம் அவர் மசாலா நிறத்துக்கு வந்தது.

"மல்லிகா! என்னடி கொட்டைய அரைச்ச?"

"பூந்திக்கொட்டைங்க."

"அடிப் பாவி! மசாலாவுல எவளாச்சும் பூந்திக்கொட்டையப் போடுவாளா?"

"மசாலான்னு நான் சொன்னேனா? பாத்திரம் கழுவுற தூளுங்க. எங்க வூட்டுப் பொம்பளைங்க கழுவுறவங்கதானேன்னு நீங்கதானே சொன்னீங்க. அதான் கழுவ அரைச்சேன்." நாற்காலியிலிருந்து எழுந்தேன். "நான் அரைச்ச தூளு எங்க வூட்ல டின்ல இருக்கு. உங்க அண்டாவுக்குள்ள எப்படிங்க வந்துச்சு?"

 மைக் செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார். அன்று வரிசையில் நின்று சிரித்தவர்களில் பாதிப் பேர் அங்கே இருந்தார்கள். ஒவ்வொருத்தியும் தன் தன் டின் கணக்கை மனதில் போட்டுக்கொண்டிருந்தது முகத்தில் தெரிந்தது.

சுந்தரம் கடைசியாக ஒன்று சொல்லிப் பார்த்தார். "அவ மட்டும் என்ன? எவளோ ஆப்பிரிக்காக்காரிகிட்டத் திருடிட்டு வந்ததுதானே?"

"கேட்டு வாங்கிட்டு வந்தாங்க" என்றேன். "குடுத்தவ பேரு அல்மாஸ். அந்தப் பேரைச் சொல்லாம ஒரு நாளுகூட அவங்க போட்ட எலையில சோறு விழுந்ததில்ல. உங்க பாக்கெட்டுல யாரு பேருங்க இருக்கு?"

 அவர் மனைவி ராணியக்கா பேரனை இடுப்பில் வைத்துக்கொண்டு முன்னால் வந்தது. "போதும் நிறுத்துங்க. தூளு வசந்தாவோடதுதான். பாக்கெட்டு போட்டு ஒட்டுனவ நான். எனக்குத் தெரியாதா? அன்னிக்கு அது கேட்டப்பவே ஒத்துக்கிட்டுப் போயிருந்தா, இன்னிக்கு இந்த நொரையெல்லாம் வந்துருக்குமா?"

உன் பெயர், அண்ணி. அத்தனை பேருக்கு நடுவில், அவர் வீட்டு ஆளின் வாயால். சுந்தரம் கவிழ்த்துவைத்த குண்டானின்மேல் உட்கார்ந்துவிட்டார். கறியை எடுத்து அலசி வேறு குழம்பு வைத்தார்கள். அலச சோப்பு தேவைப்படவில்லை. பந்தி இரண்டு மணி நேரம் தாமதம். நான் இருந்து சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன். இரண்டு தரம் வாங்கிச் சாப்பிட்டேன்.

பாவம் பார்த்தாயா என்று கேட்காதே. பார்க்கவில்லை. அவர் மில்லைக் கடக்கும்போதெல்லாம் இப்போதும் கையால் குமிழி ஊதிக் காட்டிவிட்டுத்தான் போகிறேன். பாக்கெட்டுகள் அலமாரியிலிருந்து போய்விட்டன. தூள் வாங்குகிறவர்கள் மிசினுக்குப் பக்கத்தில் நின்று, "கொழாயத் தட்டுங்கண்ணே, நல்லாத் தட்டுங்க" என்கிறார்கள். தட்டுகிறார். அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்கிறது. எனக்கு அதைவிட நல்ல சங்கீதம் இல்லை.

ஆனால் ஒன்று மிச்சம் இருக்கிறது. அவருக்குக் கொடுக்கவேண்டியதைக் கொடுத்தாயிற்று. அன்று சிரித்தவளுக்கு யார் கொடுப்பது? அவளைப் பழிவாங்க எந்தக் கொட்டையை அரைப்பேன்? அந்த ஒரு நொடி நீ என்னைப் பார்த்தாயே, அப்போது என்ன நினைத்தாய்? கேட்டுவிட நினைத்து நினைத்துத் தள்ளிப்போட்டேன். நீயானால் மூன்றே நாளில் கிளம்பிவிட்டாய்.

உன் போனை அண்ணன் இன்னும் சார்ஜ் போட்டே வைத்திருக்கிறார். அல்மாஸ் அதில் குரல் அனுப்பிக்கொண்டே இருந்தாள். "வசண்டா, வசண்டா" என்று மட்டும்தான் எனக்குப் புரியும். எப்படிச் சொல்வதென்று தெரியாமல் கடைசியில் மாலை போட்ட உன் படத்தை அனுப்பினேன். உடனே கூப்பிட்டாள். அவள் அவள் பேச்சில் அழுதாள், நான் என் பேச்சில் அழுதேன். அந்த அழுகையில் மிளகாய் இல்லை. பிறகு என் மகள் போனிலேயே மொழி மாற்றி, நுரைக்குழம்புக் கதையை அவளுக்கு அனுப்பினாள். அல்மாஸ் சிரித்து முடிக்க வெகு நேரம் ஆனது. உங்கள் ஊரில் கழுவவேண்டியவர்கள் இன்னும் யாராவது இருக்கிறார்களா என்று கேட்டாள்.

உனக்கு ஒரு சத்தியம் செய்கிறேன். என் கை ஓடுகிறவரைக்கும் வருஷா வருஷம் உன் தூளை இடிப்பேன். எண்ணெய் விடாமல் வெங்காயம் வதக்குவேன். கேட்டாலும் கேட்காவிட்டாலும், சலித்தாலும் சலிக்காவிட்டாலும், அல்மாஸ் கொடுத்தது, எங்கள் அண்ணி வசந்தா கொண்டுவந்தது என்று சொல்லிவிட்டுத்தான் பரிமாறுவேன். எவனாவது வேறு பெயர் சொன்னால் அவன் குழம்பு என்ன ஆகும் என்று ஊருக்குத் தெரியும்.

சுந்தரம் இப்போதெல்லாம் நம் வீட்டு டின்னைத் தொடுவதில்லை. அதனால் உன் வருஷத்துக்கான தூளை நேற்று பட்டுக்கோட்டையில் அரைத்தேன். திரும்பி வரும்போது பஸ் வேகத்தடையில் ஏறி இறங்கியது. மூடியில்லாத டின் உருண்டது. ஜன்னல் காற்றில் தூள் முன்பக்கமாகப் போனது. முதலில் கண்டக்டர் தும்மினார். பிறகு பஸ்ஸில் இருந்த எல்லோரும் தும்மினார்கள். டிரைவர் ஓரமாக நிறுத்திவிட்டுத் தும்மினார். "என்னம்மா கருமம் இது?" என்று கேட்டார்கள். அல்மாஸ் கொடுத்தது, எங்கள் அண்ணி வசந்தா கொண்டுவந்தது என்று சொன்னேன். என்னை இறக்கிவிட்டார்கள். அடுத்த பஸ் வரவில்லை. நடந்து வந்தேன்.

உன் சின்ன நாத்தனார்,
மல்லிகா